மெல்லாத வாயும் மூடாத வாயும்

ஈப்போவுக்குச் சாப்பிடுவதற்கென்றே கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எதையெல்லாம் தேடி அலைகிறார்கள் என்று பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும் கொய்த்தியாவ், கரண்டி பட்டாலே குலுங்கும் தாவ் பூ பா, பஞ்சாக அவித்த கோழி, காயா தடவிய ரொட்டி, கெட்டிப்பால் ஊற்றிய வெள்ளைக் காப்பி. கோழிக்குப் பக்கத்தில் வைக்கும் தவுகே கொஞ்சம் நறுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். இந்த ஊரில் பல்லுக்கு உண்மையாக வேலை கொடுப்பது புந்தோங்கில் நம்மவர்கள் வறுத்துப் பொட்டலம் கட்டும் கச்சான் பூத்தே ஒன்றுதான். இப்படி மெல்லாமலே விழுங்கி விழுங்கித்தான் மனிதர்களின் தாடை சிறுத்துப்போனது, அதனால்தான் பல் நெரிசலும் குறட்டையும் பகலெல்லாம் கொட்டாவியும் என்று சொல்லும் காணொளிகள் இப்போது வாட்சாப் குழுக்களில் சுற்றுகின்றன. கூடவே தாடையைப் பலப்படுத்தும் ரப்பர் உருண்டை, கடினமான சூயிங்கம், இரவில் வாய்மேல் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரி என்று வியாபாரமும் ஜோராக நடக்கிறது.

இதை வெறும் புரளி என்று தள்ளிவிடவும் முடியாது, அப்படியே நம்பிவிடவும் கூடாது. தாடை வளர்ந்த விதத்துக்கும் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் காணொளிகள் இரண்டு இடத்தில் சறுக்குகின்றன. முதலாவது, குற்றத்தை முழுக்க மெல்லாத பல்மீது போடுகின்றன. எனக்குத் தெரிந்தவரை ஆதாரங்கள் பல்லைவிட அடைத்த மூக்கையே அழுத்தமாகக் காட்டுகின்றன. இரண்டாவது, ஆறு ஏழு வயதில் பார்க்க வேண்டிய விஷயத்தை முப்பது வயதுக்காரனுக்கு விற்கின்றன. பேராக் மாதிரி ஒரு மாநிலத்தில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமானிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட நிலையில், இந்த விஷயத்தைக் கவனிக்க வேண்டிய இடம் உடற்பயிற்சிக் கூடமல்ல, தமிழ்ப்பள்ளி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாக்கின் நுனியை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்து அப்படியே பின்னோக்கி நகர்த்தினால் கெட்டியாக ஒரு கூரை தட்டுப்படும். அதுதான் அண்ணம். வாய்க்குக் கூரையாக இருக்கும் அந்த எலும்புதான் மூக்குக்குத் தரை. கூரை அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் மேலே மூக்கின் பாதையும் அகலமாக இருக்கும். குறுகி உயர்ந்து கூம்பிப்போனால் மூக்கின் பாதையும் நெருங்கிவிடும். அண்ணத்தின் நடுவே முன்னிருந்து பின்னாக ஒரு பொருத்து ஓடுகிறது. சிறுவயதில் அது இளகிய நிலையில் இருக்கிறது, பதின்ம வயதின் பிற்பகுதியை ஒட்டி மெல்ல மெல்ல இறுகுகிறது. வாய் மூடியிருக்கும் பிள்ளைக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு, கன்னத் தசை வெளியிலிருந்து தரும் அழுத்தத்துக்கு உள்ளிருந்து ஈடு கொடுக்கிறது. வாயைத் திறந்தே வைத்திருக்கும் பிள்ளைக்கு நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. கன்னத்தின் அழுத்தத்தைத் தடுக்க உள்ளே ஆளில்லை. வருடக்கணக்கில் இது நடந்தால் மேல்தாடை குறுகுகிறது, முகம் அகலத்தைவிட நீளத்தில் அதிகம் வளர்கிறது, கீழ்த்தாடை முன்னே வருவதற்குப் பதில் கீழ்நோக்கிப் பின்வாங்குகிறது. நாக்கின் அளவு அப்படியே இருக்க, அது குடியிருக்கும் அறை மட்டும் சின்னதாகிவிடுகிறது.

பகலில் இதனால் பெரிய தொல்லை இல்லை. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் தசை தளர்கிறது. மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள பகுதியை எலும்போ குருத்தெலும்போ சுற்றிலும் தாங்கி நிற்பதில்லை, முழுக்கத் தசைதான். நனைந்த காகிதக் குழாயில் செண்டோல் உறிஞ்சினால் குழாய் எப்படி ஒட்டிக்கொள்ளுமோ, அப்படித்தான் குறுகலான தொண்டையும் மூச்சை உள்ளே இழுக்கும் வேகத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாதி ஒட்டினால் அதிர்ந்து குறட்டை வருகிறது. முழுக்க ஒட்டினால் மூச்சே நின்றுவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை திடுக்கிட்டு நொடி நேரம் விழித்துத் தசையை இறுக்கி மூச்சை மீட்கிறது. தூங்குகிறவருக்கு இது நினைவில் இருக்காது. பெரியவர்களுக்குக் குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடை என்று கணக்கில் எடுக்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் நோய், 15 என்றால் நடுத்தரம், 30 என்றால் கடுமை. கடுமையான நிலையில் இருப்பவர் எட்டு மணி நேரத் தூக்கத்தில் 240 முறையாவது இப்படி முட்டி மோதி எழுகிறார் என்று பொருள். காலையில் அவருக்குத் தலை கனத்து, வாய் வறண்டு, பத்து மணிக்கே கண் சொருகுவதில் ஆச்சரியம் என்ன? 2019-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்தத் தொல்லை ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. அவர்களில் 42 கோடிப் பேருக்கு மேல் நடுத்தரமோ கடுமையோ.

தாடை இதில் வெறும் பார்வையாளர் இல்லை என்பதற்குச் சிகிச்சை அறையிலேயே சாட்சி இருக்கிறது. இரவில் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கவசத்தை மாட்டினால் பலருக்கு மூச்சுத்தடை குறைகிறது. அறுவை செய்து இரண்டு தாடைகளையும் முன்னே நகர்த்திப் பொருத்தினால் இன்னும் நன்றாகக் குறைகிறது. தாடை எங்கே நிற்கிறது என்பது மூச்சைத் தீர்மானிக்காவிட்டால் இந்த இரண்டும் பலன் தர வழியில்லை. ஆகவே தாடைக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி முடிந்துபோனது. தாடை ஏன் அங்கே போய் நின்றது என்பதில்தான் வழக்கு.

மெல்லுதல் கட்சியின் வாதத்தை முதலில் கேட்போம். அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு மூத்த சாட்சி இருக்கிறார். லெங்கோங் பள்ளத்தாக்கில் குனோங் ருந்தோ குகையில், ஜுரைனா மஜிட் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 1991-ல் தோண்டியெடுத்த பேராக் மனிதன். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். கால்களை மடக்கிக் குறுக்கி, இறைச்சியும் நத்தைச் சிப்பிகளும் பக்கத்தில் வைத்துப் புதைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கை 2012-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. வேட்டையாடியும் பொறுக்கியும் தின்ற அவர் காலத்து மக்களின் எலும்புகளை உலகம் முழுக்க ஒப்பிட்டவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்: அவர்கள் தாடையில் ஞானப்பல் முளைக்கவும் இடம் இருந்தது, பல் நெரிசல் அபூர்வம். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேட்டையாடி வாழ்ந்த மக்களின் கீழ்த்தாடை நீளமாகவும், வேளாண்மைக்கு மாறிய மக்களின் கீழ்த்தாடை குட்டையாகவும் இருப்பதைப் பல கண்டத்து மண்டையோடுகளில் காட்டியது. ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானிடவியலாளர் பழங்காலத்தோடு நிற்கவில்லை. 1980களில் வட இந்தியாவில் பஞ்சாபி இளைஞர்களை ஆராய்ந்தபோது, ஒரே இனத்தவராக இருந்தும் கிராமத்தவரைவிட நகரத்தவருக்கு வரிசை கலைந்த பற்கள் அதிகம் இருந்ததைக் கவனித்தார். டேனியல் லீபர்மனின் குழு 2004-ல் ஹைராக்ஸ் என்ற சிறு பிராணிகளில் ஒரு கூட்டத்துக்குச் சமைத்த மென்மையான தீனியும் இன்னொரு கூட்டத்துக்குக் கடினமான தீனியும் கொடுத்து வளர்த்தது. மென்மையான தீனி தின்றவற்றின் முகத்தில், மெல்லும் விசை அதிகம் விழும் பகுதிகள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவாக வளர்ந்தன.

வலுவான வாதம்தான். ஆனால் இதில் எந்த ஆய்வும் தூக்கத்தை அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேராக் மனிதன் குறட்டை விட்டாரா என்பதை அவர் எலும்பு சொல்லாது. பல் நெரிசல் வேறு, தொண்டை அடைப்பு வேறு. நேரான பல்வரிசை உள்ளவர்களுக்கும் மூச்சுத்தடை வருகிறது, கோணல் பல்லோடு அயர்ந்து தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மெல்லுவது குறைந்தால் தாடை சிறுக்கும் என்பது வரை ஆதாரம் நம்மைக் கூட்டிவருகிறது. அங்கிருந்து குறட்டை வரை போகும் பாதையில் பாதித் தூரத்துக்குப் பாலம் இல்லை.

ஓர் உணவுப் பழக்கம்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதை மலாயாவே உலகுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907-ல் ஒரு நூலே எழுதினார். அப்போதும் பலர் ஒப்பவில்லை. இனம், தட்பவெப்பம், கிருமி என்று வேறு காரணங்கள் சொன்னார்கள். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும், காட்டுப் பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றியபோது நோயும் கூடவே இடம் மாறியது. அதற்கப்புறம்தான் வாதம் ஓய்ந்தது. மென்று தின்னும் குழந்தைகளையும் மெல்லாத குழந்தைகளையும் பதினைந்து வருடம் பிரித்து வளர்த்து, பிறகு தூக்கத்தை அளந்த சோதனை எதுவும் கிடையாது. அறத்தின்படி அப்படி ஒன்றை நடத்தவும் முடியாது. ஆகவே மெல்லுதல் கட்சி இன்னும் பிராடன் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. அவர் சொன்னது பிறகு சரியென்று ஆனது என்பது உண்மை. அதே காலத்தில் அதே உறுதியோடு பேசிய வேறு பலர் சொன்னது தவறாகப் போனதும் உண்மை.

மூக்குக் கட்சியின் நிலை இதைவிட ஒரு படி மேல். எகில் ஹார்வோல்டு என்பவர் வளரும் குரங்குகளின் மூக்குத் துவாரத்தைச் சிலிக்கோன் அடைப்பான்களால் மூடி வாயால் மூச்சு விடவைத்தபோது, அவற்றின் தாடை இறங்கி, பல்வரிசை கலைந்து, முகத்தின் அமைப்பே மாறியது. ஒவ்வொரு குரங்கும் வாயைத் திறந்துவைக்க வேறுவேறு வழியைக் கையாண்டதால் கோணலும் ஒவ்வொன்றுக்கும் வேறுவேறாக வந்தது. இன்று அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம், ஆனால் காரணம் முந்தி விளைவு பிந்தி என்பதை அது ஐயமறக் காட்டியது. மனிதக் குழந்தைகளிடம் சுவீடனைச் சேர்ந்த லிண்டர்-ஆரன்சன், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை வீங்கி வாயால் மூச்சு விட்ட பிள்ளைகளுக்கு முகம் நீண்டு மேல்தாடை குறுகியிருப்பதை 1970-ல் எழுதினார். அதோடு விடாமல், அடினாய்டை எடுத்த பிறகு மூக்கால் மூச்சு விடத் தொடங்கிய பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, அவர்களின் கீழ்த்தாடை வளரும் திசை முன்னோக்கித் திரும்பியதையும் பதிவு செய்தார். அடைப்பை எடுத்ததும் வளர்ச்சி திரும்புகிறது என்பதுதான் இதில் முக்கியம். ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அரிசியை மாற்றிப் பார்த்ததற்குச் சமமாக இல்லாவிட்டாலும், அந்தத் திசையில் வைத்த அடி அது.

எல்லாம் அப்பன் முகஜாடைதானே, இதில் மூக்கு எங்கே வந்தது என்று ஒருவர் கேட்கலாம். முகத்தின் அமைப்பில் பெரும்பங்கு பரம்பரை என்பதை நானும் மறுக்கவில்லை. பின்வாங்கிய மோவாய் சில குடும்பங்களில் தாத்தா முதல் பேரன் வரை வரிசையாக வரும். ஆனால் பரம்பரை ஒரு வரம்பைத்தான் வகுக்கிறது. நகரத்துப் பஞ்சாபிக்கும் கிராமத்துப் பஞ்சாபிக்கும் ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடவில்லை, பல்வரிசை மாறியிருந்தது. பேரனுக்குத் தாத்தாவின் சிறிய தாடை வந்திருக்கிறது என்றால் கைகட்டி உட்கார அது காரணமாகாது. அவன் மூக்கை மற்றப் பிள்ளைகளின் மூக்கைவிடக் கூடுதலாகக் கவனிக்கத்தான் அது காரணம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மலேசியாவில் தூக்கத்தைக் கெடுப்பது தாடையா, தொந்தியா? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயதுவந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2019 ஆய்வில் நீரிழிவு நாடு முழுக்க 18.3 விழுக்காடு, இந்தியரிடையே மட்டும் 31.4. கழுத்திலும் நாக்கின் அடியிலும் கொழுப்பு சேர்ந்தால் தொண்டை சுருங்கும். எடை குறைத்தால் மூச்சுத்தடை குறையும். இதில் இரண்டு கருத்து இல்லை. பெரியவர்களைப் பொறுத்தவரை எடைதான் முதல் குற்றவாளி என்றே நானும் சொல்வேன். ஆனால் தாடையும் எடையும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்சி இல்லை. ஆசிய நாட்டவர்கள் வெள்ளையர்களைவிடக் குறைந்த எடையிலேயே இந்த நோய்க்கு ஆளாவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். முக எலும்பின் அமைப்பை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அகலமான தாடை உள்ளவருக்கு எடை நிறையக் கூடினாலும் வழி மிச்சமிருக்கும், குறுகிய தாடை உள்ளவருக்குக் கொஞ்சம் கூடினாலே போதும், வழி அடைந்துவிடும். சர்க்கரையும் தொந்தியும் நம் சமூகத்தில் இவ்வளவு பரவலாக இருப்பதால், சிறுவயதில் தாடை நன்றாக வளர்ந்திருக்க வேண்டிய தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இங்கே யாராவது தோட்டத்துக் காலத்தை இழுக்காமல் இருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் கருவாட்டையும் கிழங்கையும் கடித்துத் தின்றார்கள், படுத்தால் பிணம்போலத் தூங்கினார்கள் என்பார்கள். கோலகங்சாரில் ஹியூ லோ 1877-ல் ரப்பர் கன்று நட்ட காலத்திலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கு மாறிய காலம் வரை அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் அளந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் படுத்த உடனே தூங்கியது களைப்பினால். களைத்து விழுவதற்கும் நன்றாக மூச்சு விட்டுத் தூங்குவதற்கும் உள்ள தூரம் பெரிது. மெல்லுவதைப் பற்றியும் பெருமைப்பட அதிகம் இல்லை. லயத்தில் நாளெல்லாம் வாய் ஓயாமல் மென்றது வெற்றிலை பாக்கையும் புகையிலையையும். அது தாடையை வளர்க்கவில்லை, வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவந்தது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியரிடையே மிகுந்திருந்ததால்தான் சுகாதார அமைச்சு 1990களின் பிற்பகுதியில் தோட்டங்களுக்குப் பல் மருத்துவக் குழுக்களை அனுப்பி வாயைச் சோதிக்கத் தொடங்கியது.

குழந்தைகள் விஷயத்திலும் தோட்டம் பொற்காலமாக இருக்கவில்லை. தாய் இருட்டோடு தீம்பாருக்குப் போய்விட, பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பாலூட்ட நினைத்த நேரத்துக்குத் தாய் வர முடியாது. தகரப் பால் அந்த இடைவெளியில்தான் நுழைந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், கெட்டிப்பாலைக் குழந்தை உணவு என்று விற்பது கொலைக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே பேசியது இந்த வட்டாரத்து மருத்துவ வரலாற்றில் மறக்க முடியாத நிகழ்ச்சி. அவர் கவலைப்பட்டது பச்சைக் குழந்தைகளின் உயிரைப் பற்றி, தாடையைப் பற்றி அல்ல. ஆனால் மார்பில் பால் குடிக்கும்போது நாக்கும் தாடையும் செய்யும் வேலை புட்டியில் குடிக்கும்போது இல்லை என்பதும், தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குப் பல்வரிசைக் கோளாறு குறைவு என்பதும் பின்னாளில் பல ஆய்வுகளில் தெரியவந்தன. இன்று தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்யும் தாய்க்கும் அதே இடைவெளிதான். ஆகவே மென்று தின்ற முன்னோர், மெல்லாத நாம் என்ற எளிய கதை பேராக் வரலாற்றில் பொருந்தவில்லை.

சரி, இன்றைய பிள்ளைக்கு மூக்கு ஏன் அடைக்கிறது? பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று ஒவ்வாமை. நம் ஈரப்பதமான காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் கொழிக்கின்றன. காலையில் பத்துத் தும்மல், மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின்மேல் விழுந்த கோடு, கண்ணுக்குக் கீழே கருவளையம் என்று அடையாளத்தோடு திரியும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. மற்றொன்று அடினாய்டும் டான்சிலும் வீங்கியிருப்பது. இப்படிப்பட்ட பிள்ளை இரவில் வாயைப் பிளந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, தலையணை நனைய வியர்த்து, உருண்டு புரண்டு தூங்கும்; சில பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் உண்டு. பகலில் பெரியவர்களைப்போல் தூங்கி விழாது. நேர்மாறாகத் துறுதுறுவென்று ஓர் இடத்தில் நிற்காது, சொன்னது மண்டையில் ஏறாது, அற்ப விஷயத்துக்குக் கோபம் வரும். வீட்டில் அதற்குப் பெயர் வாலு, பள்ளியில் மக்கு. குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்று போர்வையை இழுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பெரியவர்களுக்கு மணிக்கு 5 என்ற வரம்பு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. மணிக்கு ஒரு தடையைத் தாண்டினாலே குழந்தை மருத்துவத்தில் அதைக் கவனிக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளையும் அறுவைக்கு அனுப்பச் சொல்கிறேனா என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுக்குள் மூச்சுத்தடை உள்ள 464 பிள்ளைகளை வைத்து நடந்து 2013-ல் வெளிவந்த ஆய்வு இந்த இடத்தில் பொறுமையாகப் படிக்க வேண்டியது. டான்சிலும் அடினாய்டும் எடுத்த பிள்ளைகளில் 79 விழுக்காட்டினருக்கு ஏழு மாதத்தில் தூக்கச் சோதனை சரியாகிவிட்டது. எடுக்காமல் கவனித்து மட்டும் வந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குச் சரியானது. அறுவை செய்தவர்களின் நடத்தையும் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. கவனத் திறனை அளந்த முக்கியச் சோதனையில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கண்டுபிடிப்பது அவசரம், வெட்டுவது அவசரமில்லை. மூக்கில் அடிக்கும் மருந்து, மெத்தை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பது, வீட்டுக்குள் சிகரெட் பிடிக்காதிருப்பது, எடையைக் கவனிப்பது என்று தொடங்கி, தேவைப்பட்டால் அறுவை, மேல்தாடை குறுகியிருந்தால் பல்சீரமைப்பு மருத்துவர் வைக்கும் அகலப்படுத்தும் கருவி என்று படிப்படியாகப் போகலாம். அண்ணத்தின் பொருத்து இளகியிருக்கும் வயதில் அந்தக் கருவி சில வாரங்களில் வேலை செய்துவிடும். பெரியவர்களுக்கு அதே வேலைக்கு எலும்பில் திருகாணியோ அறுவையோ வேண்டியிருக்கும். வயதைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

இதே காரணத்தால்தான் சந்தையில் விற்கும் தாடை வைத்தியங்களை நான் நம்பவில்லை. நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் முகம் மாறும் என்ற மியூயிங் மோகத்துக்கு, வளர்ந்தவர்களின் எலும்பு நகரும் என்று காட்டும் தரமான ஆதாரம் இல்லை. அதைப் பரப்பிய மைக் மியூவின் பெயரை 2024-ல் பிரிட்டனின் பல் மருத்துவ மன்றம் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. நாக்குக்கும் தொண்டைக்கும் முறைப்படி தரும் தசைப்பயிற்சி கதை வேறு. அது தசையை உறுதியாக்கி மூச்சுத்தடையை ஓரளவு குறைக்கிறது, எலும்பை வளர்ப்பதாகப் பொய் சொல்வதில்லை. மூக்கு அடைத்தவர் வாயையும் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு படுப்பது ஆபத்து, பிள்ளைகளுக்கு அதை ஒட்டவே கூடாது. பல் கட்டுவதற்காக முன்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் மூச்சு அடைக்கும் என்ற பயமும் இப்போது பரவுகிறது. பல் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என 5,500 பேருக்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்ட 2015 ஆய்வில் இரு தரப்புக்கும் மூச்சுத்தடை நோய் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. நாற்பது வயதில் குறட்டையோடும் பகல் தூக்கத்தோடும் இருப்பவர், குறிப்பாக லாரியோ பேருந்தோ ஓட்டுபவர், செய்ய வேண்டியது தூக்கச் சோதனை. 1981-ல் சிட்னியிலிருந்து காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சீபேப் கருவிதான் இன்றும் முதல் மருந்து. அது சில ஆயிரம் ரிங்கிட் ஆகும் என்பது நிஜமான தடை. முகமூடி பிடிக்காமல் மூலையில் போட்டுவிடுகிறவர்களும் நிறைய. வரும் தலைமுறையிலாவது அந்தக் கருவி தேவைப்படுகிறவர்களைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டாம்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லுவதற்கு ஆதாரம் பாதிதான் என்றேன், பயனில்லை என்று சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவு தொடங்கிய பிள்ளைக்கு இரண்டு வயதுவரை எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து ஊட்டுவது, மூன்று நான்கு வயதிலும் புட்டியில் மைலோ கொடுப்பது, இவற்றை நிறுத்த தூக்க ஆய்வு எதுவும் வர வேண்டியதில்லை. பல் சொத்தையும் சர்க்கரையுமே போதுமான காரணம். சோளம், கொய்யா, சப்பாத்தி, எலும்போடு கோழி என்று வயதுக்கேற்ப கடிக்கக் கொடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. முழுக் கடலையும் கொட்டைப் பருப்பும் மட்டும் ஐந்து வயதுக்குள் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் ஏழைக் குடும்பம் எங்கே போய்ப் பார்ப்பது என்பது கடைசி ஆட்சேபம், நியாயமானதும்கூட. ஆனால் இதற்குத் தேவையான கட்டமைப்பு பேராக்கில் ஏற்கெனவே நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பினாங்கில் 1949-லேயே பல் தாதியருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய நாடு இது. நாற்காலியையும் கருவிகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்து முகாம் போடும் குழுக்களை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமந்தவை, சுமப்பவை. தோட்டத்துக்குப் போய் வாய்ப் புற்றைத் தேடிய சேவைக்கு, பள்ளியில் உயர்ந்து குறுகிய அண்ணத்தையும் வீங்கிய டான்சிலையும் குறித்து வைப்பது புதுப் பாடமாக இருக்காது. வாயைத் திறந்து சொத்தையை எண்ணும் அதே நிமிடத்தில் இதையும் பார்த்துவிடலாம். அதோடு பெற்றோருக்கு ஒரே ஒரு கேள்வி: பிள்ளை வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை விடுகிறதா? ஆம் என்றால் அரசாங்க கிளினிக்குக்கு ஒரு கடிதம். அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, பக்கத்து மருத்துவமனைக்கோ போகலாம். செலவு சில ரிங்கிட்தான், காத்திருப்புதான் நீளம். குறட்டை விடும் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பினால் வரிசை தாங்காது என்பார்கள். அதனால்தான் குறட்டையோடு வாய் மூச்சு, படிப்பில் பின்தங்கல், குறுகிய அண்ணம் ஆகியவற்றில் ஒன்றாவது சேர்ந்திருப்பவர்களை முதலில் அனுப்பச் சொல்கிறேன். புதிய கட்டடமோ சட்டமோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்த வருடப் பல் பரிசோதனைப் படிவத்தோடு அந்த ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டால் அங்கேயே ஆரம்பித்துவிடலாம்.